ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் எக்ஸ்பிரஷன்: அடிப்படை முதல் ஒரு முழு வழிகாட்டி

திருமண அழைப்பு வீடியோ ஒன்று. தொடக்கக் காட்சியில் ஐந்து முகக் குத்துவிளக்கு. ஐந்து சுடரும் காற்றில் லேசாக அசைய வேண்டும். வேலை பழகிய புதிது என்பதால் எல்லாவற்றையும் கீஃப்ரேம் (இந்த நொடியில் இந்த மதிப்பு என்று குறித்துவைக்கும் புள்ளி, சுருக்கமாக கீ) போட்டே செய்தேன். 30 நொடி, நொடிக்கு 25 ஃபிரேம், ஐந்து ஃபிரேமுக்கு ஒரு கீ என்று கணக்குப் போட்டால் ஒரு சுடரின் ரொட்டேஷனுக்கு மட்டும் 150 கீ. ஸ்கேலையும் சேர்த்தால் 300. ஐந்து சுடருக்கு 1,500. விடிய விடிய உட்கார்ந்து முடித்து அனுப்பினால், "பாட்டை மாத்திட்டோம், வீடியோ 40 நொடி வரணும்" என்று பதில் வந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். "தம்பி, சுடர் எந்தெந்த நொடியில எங்க நிக்கணும்னு நீ எதுக்குச் சொல்லிட்டு இருக்க? எப்படி ஆடணும்னு மட்டும் சொல்லு, போதும்." என் கீ அத்தனையையும் அழித்துவிட்டு ஒரே ஒரு வரி தட்டினார்:

விகிள்(3, 8)

சுடர் ஆடியது. 40 நொடி என்ன, நாலு மணி நேரம் நீட்டினாலும் ஆடும். அந்த ஒரு வரிக்குப் பெயர்தான் எக்ஸ்பிரஷன்.

படங்களையும் எழுத்துகளையும் அசையவைக்கும் சாஃப்ட்வேரான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பிறந்தது 1993-இல், அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரில் இருந்த கோசா என்ற சிறிய நிறுவனத்தில். அடுத்த ஆண்டே அது அடோபியின் கைக்கு வந்துவிட்டது. எக்ஸ்பிரஷன் வந்தது 2001-இல், 5-ஆம் பதிப்பில். மொழி ஜாவாஸ்கிரிப்ட்; இணையப் பக்கங்களை இயக்கும் அதே மொழி. ஆனால் பயப்பட வேண்டாம். மோஷன் கிராஃபிக்ஸ் வேலைக்கு அந்த மொழியில் பத்தில் ஒரு பங்கு தெரிந்தால் போதும். கூட்டல், பெருக்கல், அடைப்புக்குறியைத் திறந்தால் மூட வேண்டும் என்ற நினைப்பு, இவை இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'ஸ்கிரிப்ட்' என்றும் ஒன்று உண்டு. அது வெளியிலிருந்து ஒருமுறை ஓடி, 50 லேயரை (காட்சியின் அடுக்குகளை) உருவாக்குவது, பெயர் மாற்றுவது போன்ற வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். எக்ஸ்பிரஷன் அப்படிப் போகாது. ஒரு ப்ராபர்ட்டியின் (ரொட்டேஷன், ஸ்கேல் போல லேயரின் ஒரு குணத்தின்) மேலேயே குடியிருந்து ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். இங்கே நாம் பார்க்கப்போவது இந்த இரண்டாவதை.

தட்டுவதற்கு முன்

இந்த வழிகாட்டியில் கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். சாஃப்ட்வேரில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். விதி எளிது: எல்லாம் சிறிய எழுத்து, இரண்டு மூன்று சொற்கள் ஒட்டி வந்தால் நடுவில் இடைவெளி கிடையாது, இரண்டாம் சொல்லிலிருந்து ஒவ்வொன்றின் முதல் எழுத்து மட்டும் பெரியது. 'லூப்அவுட்' என்பதில் அவுட்டின் முதல் எழுத்து பெரியது. 'மேத்' மட்டும் விதிவிலக்கு; அது எப்போதும் பெரிய எழுத்தில் தொடங்கும். சைன் என்று நான் எழுதும் இடத்தில் எஸ், ஐ, என் என்ற மூன்றே எழுத்து.

ஸ்பெல்லிங் மனப்பாடம் தேவையில்லை. எக்ஸ்பிரஷன் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய முக்கோணப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மொத்த மொழியும் மெனுவாக விரியும். டைம் குளோபல் பகுதியிலும், விகிளும் லூப்அவுட்டும் ப்ராபர்ட்டி பகுதியிலும், லீனியர் இன்டர்போலேஷன் பகுதியிலும் கிடைக்கும். நான் இத்தனை ஆண்டு கழித்தும் பாதி நேரம் அங்கிருந்துதான் எடுக்கிறேன்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது: கட்டளைதான் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நீங்களே வைக்கும் பெயர்களை, அதாவது வேகம், கோணம், தாமதம் போன்றவற்றைத் தமிழிலேயே வைக்க ஜாவாஸ்கிரிப்ட் இடம் தருகிறது. கீழே உள்ள உதாரணங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். கூட வேலை செய்பவருக்குத் தமிழ் தெரியாது என்றால் ஆங்கிலத்தில் வையுங்கள்.

முதல் எக்ஸ்பிரஷன்

ஒரு லேயரைத் தேர்ந்தெடுத்து ஆர் விசையை அழுத்துங்கள். ரொட்டேஷன் திறக்கும். அதன் இடப்பக்கம் ஸ்டாப்வாட்ச் படம் இருக்கும். வழக்கமாக அதைச் சும்மா கிளிக் செய்து கீ போடுவோம். இப்போது ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்யுங்கள், மேக்கில் ஆப்ஷன். டைம்லைனில் ஒரு எழுத்துப் பெட்டி திறக்கும். அதில் இருப்பதை அழித்துவிட்டு இதைத் தட்டுங்கள்:

டைம் * 90

பெட்டிக்கு வெளியே எங்காவது கிளிக் செய்யுங்கள், அல்லது நம்பர்பேடில் உள்ள என்டரை அழுத்துங்கள். சாதாரண என்டரை அழுத்தினால் அடுத்த வரிதான் வரும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறை தடுமாறுவார்கள். ரொட்டேஷன் எண் சிவப்பாக மாறினால் எக்ஸ்பிரஷன் வேலை செய்கிறது என்று பொருள். ஸ்பேஸ்பார் தட்டிப் பாருங்கள். லேயர் நொடிக்கு 90 டிகிரி சுற்றும், நாலு நொடியில் ஒரு முழுச் சுற்று.

நடப்பது இதுதான். டைம் என்பது டைம்லைனில் நிற்கும் நொடி. முதல் நொடியில் 1 பெருக்கல் 90, அதாவது 90. இரண்டரையாவது நொடியில் 225. ஒவ்வொரு ஃபிரேமை வரையும்போதும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அந்த ப்ராபர்ட்டியிடம் வந்து "இப்போது உன் மதிப்பு என்ன?" என்று கேட்கிறது. எக்ஸ்பிரஷன் கணக்குப் போட்டுச் சொல்கிறது. சொன்னதும் மறந்துவிடுகிறது. அடுத்த ஃபிரேமில் மறுபடி முதலிலிருந்து கணக்கு.

போன ஃபிரேமில் என்ன சொன்னோம் என்பது எக்ஸ்பிரஷனுக்குத் தெரியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பிடிபடாதவர்கள் எக்ஸ்பிரஷனை ஏதோ மந்திரம் மாதிரி இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். அது உடையும்போது ஏன் உடைந்தது என்று தெரியாது.

மின்விசிறி பாடம்

மறதி எப்படிக் காலை வாரும் என்று பார்ப்போம். ஒரு சீலிங் ஃபேன் வரைந்து, சுற்றவிட்டு, பத்தாவது நொடியில் கரண்ட் போய் மெதுவாக நிற்க வேண்டும். லேயருக்கு எஃபெக்ட் மெனுவில் எக்ஸ்பிரஷன் கன்ட்ரோல்ஸ் என்ற பகுதியிலிருந்து ஸ்லைடர் கன்ட்ரோல் ஒன்றைச் சேருங்கள். ஸ்லைடர் தானாக எதையும் செய்யாது. எண்ணை மாற்ற ஒரு குமிழ், அவ்வளவுதான். அதன் பெயரை 'வேகம்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ரொட்டேஷனில்:

டைம் * எஃபெக்ட்("வேகம்")(1)

எஃபெக்ட் என்று தொடங்கும் பகுதியைக் கையால் தட்ட வேண்டியதில்லை. பெட்டிக்கு அருகே சுருள் போன்ற ஒரு குறி இருக்கும், பிக்விப். அதை இழுத்து ஸ்லைடர் மேல் விட்டால் முகவரியை அதுவே எழுதிவிடும். அது கடைசி அடைப்பில் ஸ்லைடரின் ஆங்கிலப் பெயரை எழுதும்; நான் அதை 1 என்று மாற்றிவிடுவேன். சாஃப்ட்வேரை வேறு மொழியில் வைத்திருப்பவர் திறந்தாலும் எண் உடையாது.

ஸ்லைடரில் 360 வைத்தால் ஃபேன் நொடிக்கு ஒரு சுற்று. சரி. இப்போது பத்தாவது நொடியில் 360, பதினோராவது நொடியில் 0 என்று ஸ்லைடருக்கு இரண்டு கீ போடுங்கள். ஓட்டிப் பார்த்தால் ஃபேன் மெதுவாகாது. பேய் பிடித்த மாதிரி பின்பக்கமாகச் சுற்றும்!

கணக்கைப் பாருங்கள். பத்தாவது நொடியில் 10 பெருக்கல் 360, அதாவது 3,600 டிகிரி. பதினோராவது நொடியில் 11 பெருக்கல் 0, அதாவது 0. ஒரே நொடியில் 3,600-லிருந்து 0-க்கு வர வேண்டும் என்றால் பத்துச் சுற்று திரும்பிச் சுற்றித்தானே ஆக வேண்டும்? "இதுவரை பத்துச் சுற்று சுற்றியிருக்கிறோம், இனி அதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம்" என்று நினைக்க எக்ஸ்பிரஷனுக்கு நினைவு இல்லை.

தீர்வு, ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து கூட்டி வரச் சொல்வது:

வேகம் = எஃபெக்ட்("வேகம்")(1);
துளி = திஸ்காம்ப்.ஃபிரேம்டியூரேஷன்;
கோணம் = 0;
ஃபார் (நேரம் = 0; நேரம் < டைம்; நேரம் += துளி) {
  கோணம் += வேகம்.வேல்யூஅட்டைம்(நேரம்) * துளி;
}
கோணம்

துளி என்பது ஒரு ஃபிரேம் ஓடும் நேரம். வேல்யூஅட்டைம் என்பது "இந்த நொடியில் உன் மதிப்பு என்னவாக இருந்தது?" என்று கேட்கும் கட்டளை. பூஜ்யத்திலிருந்து இப்போதைய நொடி வரை ஃபிரேம் ஃபிரேமாகப் போய், அந்தந்த ஃபிரேமில் ஃபேன் எவ்வளவு சுற்றியிருக்கும் என்று கூட்டுகிறது. கடைசி வரியில் வெறுமனே கோணம் என்று இருப்பதுதான் பதில். எக்ஸ்பிரஷனில் கடைசியாக வரும் மதிப்பே ப்ராபர்ட்டிக்குப் போகும். ஃபேன் இப்போது ஒழுங்காக நிற்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 60-ஆவது நொடியில் ஒரே ஒரு ஃபிரேமுக்காக 1,500 முறை கூட்டல் நடக்கும். ஃபேன் ஒன்று என்றால் தெரியாது. கல்யாண மண்டபத்தில் 30 ஃபேன் வைத்தால் ரெண்டர் (ஃபிரேம்களை வரைந்து வீடியோவாக்குவது) இழுக்கும்.

விகிளில் முதல் எண்ணுக்கு கீ போட்டு மாற்றினாலும் இதே கோளாறுதான் வரும். இரண்டாவது எண்ணுக்குத் தாராளமாக கீ போடலாம்.

விகிளை அடக்கி ஆள்வது

விகிள்(3, 8) என்றால் நொடிக்குச் சுமார் 3 முறை, இருபக்கமும் 8 அளவு வரை குத்துமதிப்பாக ஆடு என்று பொருள். ரொட்டேஷனில் 8 என்பது டிகிரி, பொசிஷனில் பிக்சல். ஐந்து சுடருக்கும் இதே வரியை ஒட்டினாலும் ஐந்தும் ஒரே மாதிரி ஆடாது, ஒவ்வொரு லேயரின் ஆட்டமும் தனி. குத்துவிளக்குக்கு இது வரப்பிரசாதம். சுடரின் ஆங்கர் பாயின்டை (லேயர் எதைச் சுற்றித் திரும்புமோ அந்தப் புள்ளியை) மட்டும் திரி இருக்கும் இடத்துக்கு இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் சுடர் நடுவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடும்.

ரொட்டேஷன் ஒரே எண். பொசிஷனும் ஸ்கேலும் அப்படியல்ல. பக்கவாட்டு ஒன்று, மேல்கீழ் ஒன்று என இரண்டு எண், முப்பரிமாண லேயர் என்றால் மூன்று. அதனால் அவற்றுக்குப் பதிலைச் சதுர அடைப்பில் இரண்டாகத் தர வேண்டும். முதல் எண்ணுக்கு வரிசை 0, இரண்டாவதற்கு 1. கணினிக்காரர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள். சுடரின் உயரம் மட்டும் ஏறி இறங்க வேண்டும், அகலம் அப்படியே இருக்க வேண்டும் என்றால் ஸ்கேலில்:

ஆட்டம் = விகிள்(4, 12);
[வேல்யூ[0], ஆட்டம்[1]]

வேல்யூ என்பது எக்ஸ்பிரஷன் இல்லாவிட்டால் அந்த ப்ராபர்ட்டிக்கு என்ன மதிப்போ அது. நீங்கள் கையால் வைத்ததும் கீ போட்டதும் வேல்யூவில்தான் இருக்கும். இதை மறந்துவிட்டுப் பலர் கீ போட்ட அனிமேஷனை எக்ஸ்பிரஷனுக்குப் பலி கொடுத்துவிடுகிறார்கள். 'வேல்யூ + ...' என்று தொடங்கினால் கீயும் வாழும், எக்ஸ்பிரஷனும் வாழும்.

விகிளைப் பற்றி என் அபிப்பிராயம் ஒன்று: கற்றுக்கொண்ட முதல் மாதம் எல்லோரும் எல்லாவற்றையும் ஆட்டுவார்கள். பாடல் வரி வீடியோவில் எழுத்து, பூ, மேகம், லோகோ எல்லாம் நடுங்கும். குளிர் ஜுரம் வந்த மாதிரி இருக்கும். ஒரு காட்சியில் ஒன்று ஆடினால் போதும்.

ஊஞ்சலுக்கு விகிள் கூடாது

ஊஞ்சல், ஜிமிக்கி, கடிகாரப் பெண்டுலம் எல்லாம் ஒழுங்காகப் போய் ஒழுங்காக வருபவை. அங்கே சைன்:

மேத்.சைன்(டைம் * மேத்.பை) * 15

சைன் எப்போதும் 1-க்கும் மைனஸ் 1-க்கும் நடுவிலேயே ஏறி இறங்கும். 15-ஆல் பெருக்கினால் இருபக்கமும் 15 டிகிரி. டைமை மேத்.பையால் (இரண்டு எழுத்தும் பெரியவை) பெருக்கியதால் ஒரு முழு வீச்சுக்குச் சரியாக 2 நொடி ஆகும். வேறு நேரம் வேண்டுமென்றால் 6.28-ஐ அந்த நொடியால் வகுத்து வரும் எண்ணை மேத்.பைக்குப் பதில் போடுங்கள். ஆள் இறங்கிய பிறகு ஊஞ்சல் அடங்க வேண்டுமா? மொத்தத்தையும் 'மேத்.எக்ஸ்ப்(-டைம் * 0.5)' என்பதால் பெருக்குங்கள். வீச்சு சிறுகச் சிறுகக் குறையும்.

லூப்அவுட் சுருக்கமாக

பட்டாம்பூச்சி இறக்கைக்கு இரண்டு கீ போடுங்கள், திறந்தது, மூடியது. பிறகு:

லூப்அவுட்("பிங்பாங்")

போய் வந்து போய் வந்து கடைசி வரை ஓடும். 'சைக்கிள்' போட்டால் முடிந்ததும் முதலுக்குத் தாவும், எனவே முதல் கீயும் கடைசி கீயும் ஒன்றாக இருக்க வேண்டும். 'ஆஃப்செட்' முடிந்த இடத்திலிருந்து அதே நடையைத் தொடரும். நடக்கும் ஆளுக்கு அதுதான் சரி. அடைப்புக்குள் வரும் இந்தப் பெயர்கள் எல்லாமே சிறிய எழுத்து.

எறும்புச் சாரை

ஒரு லேயர் இன்னொன்றைப் பின்தொடர்வது எக்ஸ்பிரஷனின் அழகான பயன். முன்னால் போகும் எறும்புக்கு மட்டும் வளைந்து நெளிந்து பொசிஷன் கீ போட்டு, லேயருக்கு 'தலைவி' என்று பெயர் வையுங்கள். இரண்டாவது எறும்பின் பொசிஷனில்:

தலைவி = திஸ்காம்ப்.லேயர்("தலைவி");
தாமதம் = (இன்டெக்ஸ் - தலைவி.இன்டெக்ஸ்) * 0.2;
தலைவி.டிரான்ஸ்ஃபார்ம்.பொசிஷன்.வேல்யூஅட்டைம்(டைம் - தாமதம்)

இன்டெக்ஸ் என்பது டைம்லைனில் மேலிருந்து எண்ணினால் அந்த லேயருக்கு வரும் எண். தலைவி மேலே இருக்க, அடுத்த எறும்பு அவளுக்கு 0.2 நொடி பின்னால், அதற்கடுத்தது 0.4 நொடி பின்னால். இரண்டாவது எறும்பைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் டி-யை இருபது முறை தட்டுங்கள். சாரை தயார்.

வெறும் இன்டெக்ஸ் மட்டும் வைத்தும் இதை எழுதலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். கடைசி நேரத்தில் மேலே மூன்று லேயர் சேர்த்ததும் எல்லா எறும்பும் 0.6 நொடி தள்ளிப் போய், பாட்டின் தாளத்தோடு ஒட்டவில்லை. அன்றிலிருந்து தலைவியின் எண்ணைக் கழிக்காமல் எழுதுவதில்லை. இன்னொரு எச்சரிக்கை: தலைவி எங்கே நிற்கிறாளோ அங்கேயே எல்லா எறும்பும் வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றுவிடும். நிற்பதற்கு முன் அவளைத் திரைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

தமிழ் எழுத்தைத் தட்டச்சு செய்வது போல் காட்டுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆங்கிலப் பாடங்கள் எதுவும் நம் எழுத்தைப் பற்றிப் பேசாது. எழுத்து ஒவ்வொன்றாக வர, அவர்கள் டெக்ஸ்ட் லேயரின் சோர்ஸ் டெக்ஸ்டில் இப்படி எழுதுவார்கள்:

முழுசு = வேல்யூ + "";
எத்தனை = மேத்.ஃப்ளோர்((டைம் - இன்பாயின்ட்) * 12);
முழுசு.சப்ஸ்ட்ர்(0, எத்தனை)

இன்பாயின்ட் லேயர் தொடங்கும் நொடி. அதிலிருந்து நொடிக்கு 12 எழுத்து வீதம் வெட்டி வெட்டிக் காட்டுகிறது. ஆங்கிலத்துக்கு இது கச்சிதம். 'வணக்கம்' என்று போட்டுப் பாருங்கள். வ, வண, வணக, பிறகு திடீரென்று அந்தக் க தலையில் ஒரு புள்ளி முளைக்கும். கடைசியில் 'வணக்கம' என்று நின்று, ஒரு கணம் கழித்து ம் ஆகும். 'கொ' வரும் இடத்தில் முதலில் க மட்டும் வந்து, பிறகு இரண்டு பக்கமும் கொம்பும் காலும் வந்து ஒட்டிக்கொண்டு வரி முழுவதும் ஒரு குலுங்கு குலுங்கும்.

காரணம், நமக்கு வணக்கம் என்பது 5 எழுத்து. யூனிகோடுக்கு அது 7. வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. புள்ளிக்கும் ஒவ்வொரு உயிர்க்குறிக்கும் தனித்தனி எண் உண்டு. துணைக்காலின் எண் 3006, புள்ளியின் எண் 3021. மற்ற உயிர்க்குறிகள் இரண்டுக்கும் நடுவில் அடக்கம். க-வின் எண் 2965, அந்த வட்டத்துக்கு வெளியே. எனவே வெட்டப்போகும் இடத்தில் அடுத்து நிற்பது 3006-க்கும் 3021-க்கும் இடைப்பட்டதா என்று பார்த்து, ஆமென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் போதும். இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் இதைச் செருகுங்கள்:

வைல் (முழுசு.சார்கோட்அட்(எத்தனை) >= 3006 && முழுசு.சார்கோட்அட்(எத்தனை) <= 3021) {
  எத்தனை++;
}

சார்கோட்அட் என்பதில் முதல் சொல் சி, எச், ஏ, ஆர். இப்போது க் முழுசாக க் ஆகவே வரும். கொ ஒரே மூச்சில் வரும். க்ஷ மட்டும் க் என்று வந்து பிறகு மாறும். ஸ்ரீயும் அப்படித்தான். வடமொழிப் பெயர் நிறைய உள்ள அழைப்பிதழ் என்றால் கவனியுங்கள்.

இரண்டு நிபந்தனை. எழுத்து யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள். இந்த எண்கள் பொருந்தாது. அடுத்து, பழைய பதிப்புகளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து தெரிந்தால் அது எக்ஸ்பிரஷனின் குற்றம் இல்லை. ப்ரெஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடிக்கு அடி துடிக்க

பறை அடிக்கும்போது தலைப்பு எழுத்து துடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆடியோ லேயர் மேல் வலது கிளிக், கீஃப்ரேம் அசிஸ்டன்ட், கன்வர்ட் ஆடியோ டு கீஃப்ரேம்ஸ். ஆடியோ ஆம்ப்ளிட்யூட் என்ற பெயரில் ஒரு 'நல்' லேயர், அதாவது வீடியோவில் தெரியாத வெற்று லேயர், வரும். உள்ளே மூன்று ஸ்லைடர், அதில் போத் சேனல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பின் ஸ்கேலில்:

ஒலி = (போத் சேனல்ஸ் ஸ்லைடருக்கு பிக்விப் இழுங்கள்);
அளவு = லீனியர்(ஒலி, 10, 35, 100, 125);
[அளவு, அளவு]

லீனியர் என்பது ஒரு அளவுகோலை இன்னொன்றாக மாற்றும் கட்டளை. ஒலி 10-க்குக் கீழே இருந்தால் 100 சதவீதம், 35-க்கு மேலே போனால் 125, நடுவில் விகிதப்படி. 10, 35 என்ற எண்கள் என் பாட்டுக்குச் சரி. உங்கள் பாட்டுக்கு கிராஃப் எடிட்டரைத் திறந்து, அடி விழாதபோது எவ்வளவு, விழும்போது எவ்வளவு என்று பார்த்து வையுங்கள். கீழ் எண்ணைக் கொஞ்சம் உயர்த்தினால் வயலினுக்குத் துடிக்காது, பறைக்கு மட்டும் துடிக்கும்.

வந்து குலுங்கி நிற்பது

பெயர்ப்பலகை ஒன்று வேகமாக உள்ளே வந்து, எல்லையைத் தாண்டிப் போய், திரும்பி, குலுங்கி அடங்கும். கீ போட்டுச் செய்தால் பலகைக்கு ஆறேழு கீ. எக்ஸ்பிரஷனில் இரண்டு கீ, பொசிஷனில் இந்த வரிகள்:

கடைசி = கீ(நம்கீஸ்).டைம்;
கழிந்தது = டைம் - கடைசி;
இஃப் (கழிந்தது > 0) {
  உந்து = வெலாசிட்டிஅட்டைம்(கடைசி - 0.001);
  வேல்யூ + உந்து * 0.05 * மேத்.சைன்(கழிந்தது * 18) / மேத்.எக்ஸ்ப்(கழிந்தது * 5)
} எல்ஸ் {
  வேல்யூ
}

நினைவில்லாத எக்ஸ்பிரஷன் எப்படிக் குலுங்குகிறது பாருங்கள். கடைசி கீ எந்த நொடியில் இருக்கிறது, அதற்குச் சற்று முன் எவ்வளவு வேகத்தில் வந்தோம் என்று கீயிடமே கேட்டுக்கொள்கிறது. பிறகு ஊஞ்சல் கணக்கும் அடங்கும் கணக்கும்தான். 0.05-ஐயும் 18-ஐயும் பெருக்கினால் 0.9, அதாவது வந்த வேகத்திலேயே கிட்டத்தட்ட தொடர்கிறது, அதனால் மூட்டு தெரியாது. ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்குங்கள். கடைசி கீக்கு ஈஸி ஈஸ் (மெதுவாக வந்து நிற்கவைக்கும் வசதி) போட்டிருந்தால் எதுவும் குலுங்காது, ஏனென்றால் அங்கே வேகம் பூஜ்யம்.

உடைந்தால் எங்கே பார்ப்பது

காம்ப் (கம்போசிஷன், அதாவது லேயர்கள் சேர்ந்த காட்சி) பேனலின் அடியில் மஞ்சள் பட்டை வரும், எந்த லேயர், எந்த வரி என்று அதிலேயே இருக்கும். 'டைமென்ஷன் 2, நாட் 1' என்று படித்தால் பொசிஷனுக்கு ஒரே எண் கொடுத்துவிட்டீர்கள். சதுர அடைப்பில் இரண்டாகக் கொடுங்கள். 'நாட் டிஃபைண்ட்' என்றால் ஸ்பெல்லிங், அல்லது பெரிய எழுத்து சிறிய எழுத்துக் குழப்பம். வேர்டிலிருந்து எடுத்து ஒட்டிய எக்ஸ்பிரஷனில் மேற்கோள் குறிகள் வளைந்திருக்கும். அவற்றை அழித்து நேரான குறிகளாகத் தட்டுங்கள். இந்தச் சில்லறைக் கோளாறில் நான் இழந்த மணி நேரங்களுக்குக் கணக்கே இல்லை.

பழைய ப்ராஜெக்ட் ஒன்றில் ஓடியது புதிதில் உடைகிறதா? 2018 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து புதிய ஜாவாஸ்கிரிப்ட் என்ஜின் உண்டு. பழையதைவிட வேகம், ஆனால் இலக்கணத்தில் கறார். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் எக்ஸ்பிரஷன்ஸ் தாவலில் 'லெகசி எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்ட்'டுக்கு மாற்றிப் பாருங்கள். புதிதாக எழுதுவதைப் புதிய என்ஜினிலேயே எழுதுங்கள்.

எந்த லேயரில் எந்த எக்ஸ்பிரஷன் இருக்கிறது என்று மறந்துவிட்டால், லேயரைத் தேர்ந்தெடுத்து இ விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டுங்கள். எல்லாம் திறக்கும்.

கைமாற்றும்போது

எடிட் மெனுவில் 'காப்பி எக்ஸ்பிரஷன் ஒன்லி' என்பதை எடுத்தால் கீயெல்லாம் வராமல் எக்ஸ்பிரஷன் மட்டும் வரும். இருபது லேயரைத் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் ஒட்டலாம். லாட்டியாக (ஆப்களில் அனிமேஷனை ஓட்டும் கோப்பு வடிவமாக) மாற்றி ஆப் செய்பவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், மொபைலில் ஓடும் பிளேயர்களுக்கு எக்ஸ்பிரஷன் புரியாது. ப்ராபர்ட்டியைத் தேர்ந்தெடுத்து, அனிமேஷன் மெனுவில் கீஃப்ரேம் அசிஸ்டன்ட், 'கன்வர்ட் எக்ஸ்பிரஷன் டு கீஃப்ரேம்ஸ்' கொடுங்கள். ஃபிரேமுக்கு ஒரு கீ வீதம் அதுவே போட்டுவிடும். குத்துவிளக்கின் ஒரு சுடரின் ரொட்டேஷனுக்கு மட்டும் 30 நொடியில் 750 கீ. எக்ஸ்பிரஷன் அணைந்திருக்குமே தவிர அழிந்திருக்காது; சமக்குறி பொத்தானை அழுத்தினால் மறுபடி உயிர் வரும். ஆனாலும் மாற்றுவதற்கு முன் காம்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். "பாட்டை மாத்திட்டோம்" என்று எப்படியும் ஃபோன் வரும்.